எழும்பூர் மணல்: ஆண்ட்ரு பெல்லின் வாழ்வும் புதிய வாசிப்புப் பயிற்றுமுறை ஆசிரியரிடம் சென்ற வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் சிறுவர் காப்பகத்தில் ஆண்ட்ரு பெல் உருவாக்கிய பயிற்றுமுறை, ‘மதராஸ் முறை’ என்னும் பெயரால் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. தமிழ்த் திண்ணைப்பள்ளிகளில் வழங்கிய மணல் எழுத்துப் பயிற்சி அம்முறைக்குத் தொடக்கமாக அமைந்தது. இக்கட்டுரை பெல்லின் வாழ்க்கையை இரு நோக்கில் அணுகுகிறது. அவர் திண்ணைப்பள்ளியிலிருந்து பெற்றவை யாவை, விடுத்தவை யாவை என்பது முதல் நோக்கு. புதிய முறையைத் தம் உடனாசிரியர்களிடம் கொண்டு சேர்ப்பதில் அவர் கண்ட வெற்றியும் தோல்வியும் அம்முறையின் ஆயுளை எவ்வாறு தீர்மானித்தன என்பது இரண்டாம் நோக்கு.

திறவுச்சொற்கள்: ஆண்ட்ரு பெல், மதராஸ் முறை, திண்ணைப்பள்ளி, மணல் எழுத்து, சட்டாம்பிள்ளை, வாசிப்புப் பயிற்சி, ஆசிரியர் பயிற்சி

முன்னுரை

தமிழகக் கல்வி வரலாற்றை எழுதுவோர் ஆண்ட்ரு பெல்லின் பெயரைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. எனினும் பெரும்பாலான குறிப்புகள் ஒரே செய்தியோடு நின்றுவிடுகின்றன. சென்னைச் சிறுவர்கள் மணலில் எழுதுவதை வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் கண்டார். அதை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். நம் முறை அவர்கள் முறையாயிற்று என்பதே அச்செய்தி. இது பொய்யன்று, ஆனால் முழுமையும் அன்று. மணலைக் கண்டது ஒரு காலைப்பொழுதின் நிகழ்வு. அதனைப் பிற ஆசிரியர் ஏற்குமாறு செய்ய அவர் முயன்றதோ நாற்பது ஆண்டுக்கால உழைப்பு. அவ்வுழைப்பின் வரலாறு தமிழ் ஆய்வுலகில் போதிய கவனம் பெறவில்லை. எழுத்தறிவித்தல் குறித்த புதிய முறைகள் அடுத்தடுத்து அறிமுகமாகிவரும் இன்றைய சூழலில் இவ்வரலாறு வெறும் பழங்கதையாக நின்றுவிடாது என்னும் கருதுகோளை இக்கட்டுரை முன்வைக்கிறது.

இளமையும் பயணங்களும்

ஆண்ட்ரு பெல் 1753ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தார். தந்தையார் முடிதிருத்தும் தொழிலர். கைத்திறனும் நுண்ணறிவும் மிக்கவர் எனப் பெயர் பெற்றவர். அந்நகரின் பல்கலைக்கழகத்திலேயே பெல் பயின்றார். கணிதத்திலும் இயற்கை அறிவியலிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. 1774இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்று செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாசிரியராக இருந்தார். அமெரிக்க விடுதலைப் போர் நடந்த ஆண்டுகள் அவை. 1781இல் தாயகம் திரும்புகையில் கப்பல் உடைந்து உயிர் தப்பினார். பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்று, எடின்பரோவை அடுத்த லீத் என்னும் துறைமுக ஊரில் பணியாற்றினார்.

1787இல் அவர் சென்னை வந்து சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பிரிவுகள் பலவற்றுக்குச் சமயகுருவாக ஒரே நேரத்தில் அமர்த்தப்பட்டார். ஊதியம் பெரிது, வேலை சிறிது. சென்னையில் அவர் நடத்திய இயற்கை அறிவியல் சொற்பொழிவுகளும் ஆய்வுச் செயல்விளக்கங்களும் வெள்ளையர் நடுவே வரவேற்புப் பெற்றன. பொருளீட்ட வந்த குருமார் பலருள் ஒருவராகவே அவரும் நின்றிருக்கக்கூடும். அவர் வாழ்வின் திசையை மாற்றியது எழும்பூர்க் கோட்டையில் அமைந்த சிறுவர் காப்பகம்.

எழும்பூர்க் காப்பகம்

கம்பெனிப் படையில் பணிபுரிந்த ஐரோப்பியர்களின் பிள்ளைகளுள் பெற்றோரை இழந்தோரும் கைவிடப்பட்டோரும் சென்னையில் பெருகியிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியத் தாய்மாருக்குப் பிறந்தவர்கள். சிறுமியர்க்கான காப்பகத்தைத் தொடர்ந்து சிறுவர்க்கெனவும் ஒன்று நிறுவப்பட்டது. 1789இல் பெல் அதன் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்றார். இப்பணிக்கென ஊதியம் பெற அவர் மறுத்துவிட்டார்.

காப்பகத்தில் தலைமையாசிரியர் ஒருவரும் அவருக்குக் கீழ் உதவியாசிரியர்களும் இருந்தனர். அவர்கள் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குச் சென்னையில் இதைவிட மேலான வேலை எளிதில் கிடைத்த காலம் அது. பெல் தம் முறையில் எவரையேனும் பழக்கினால், அப்பழக்கமே அவரை வேறிடத்தில் கூடுதல் ஊதியத்துக்கு உரியவராக்கிவிடும் நிலை இருந்தது. எழுத்துகளைக் கற்பிப்பதற்கே மாதக்கணக்கில் ஆயிற்று. பிள்ளைகள் சோர்ந்து கிடந்தனர், பிரம்பு ஓயவில்லை.

மணலும் மறுப்பும்

பொறுப்பேற்றபின் ஒரு நாள் காலையில் குதிரை மீது சென்றுகொண்டிருந்த பெல், ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றைக் கண்டார். அக்கால ஆங்கிலேயர் சென்னையில் தமிழரையும் தமிழ்மொழியையும் ‘மலபார்’ என்னும் சொல்லாலேயே பெரிதும் குறித்தனர். ஆதலின் அவர் கண்டது இன்றைய கேரளப் பகுதிப் பள்ளி அன்று. சென்னைச் சூழலில் இயங்கிய தமிழ்ப் பள்ளி என்று கொள்வதே பொருந்தும். பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்து வரைந்துகொண்டிருந்தனர். வரையும்போதே அவ்வெழுத்தை ஒலித்தனர். எழுதியதைக் கையால் அழித்து மீண்டும் எழுதினர்.

பெல் காப்பகத்திற்குத் திரும்பி, தொடக்க வகுப்புக்கு இம்முறையில் எழுத்துக் கற்பிக்குமாறு அவ்வகுப்பின் உதவியாசிரியரிடம் கூறினார். அவ்வாறு கற்பித்தல் இயலாது என்பதே கிடைத்த விடை. பெல் மீண்டும் வற்புறுத்தியும் பயனில்லை. மறுத்தவரின் தரப்பை வரலாறு பதிவு செய்யவில்லை. தாம் கற்ற முறையிலேயே பிறர்க்குக் கற்பித்து வந்த ஒருவர், விளக்கம் ஏதுமின்றி மேலிருந்து வந்த ஆணையைக் கண்டு தயங்குவது இயல்பே. மேலும், ‘உள்ளூர்ப் பிள்ளைகள்’ புழுதியில் செய்வதை ஐரோப்பியர் வழிவந்த பிள்ளைகள் செய்வதா என்னும் எண்ணமும் அம்மறுப்பில் கலந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு.

பெல் வேறு வழியை நாடினார். படைவீரர் ஒருவரின் மகனான ஜான் ஃப்ரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அத்தொடக்க வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். செய்ய வேண்டியதை அவனுக்குச் செய்து காட்டினார். ஆசிரியர் இயலாது என்றதைச் சிறுவன் செய்து முடித்தான். ‘மதராஸ் முறை’ என்று பின்னாளில் உலகம் அழைத்த பயிற்றுமுறை பிறந்தது இவ்விடத்தில்தான். மணல் ஒரு கருவி மட்டுமே. கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையே பிறனுக்குக் கற்பிக்க இயலும் என்பதே பெல் கண்டடைந்ததாகக் கருதிய உண்மை. படிப்படியாகக் காப்பகத்தின் எல்லா வகுப்புகளும் மாணவ ஆசிரியர்களின் கைக்கு மாறின. சம்பளம் பெற்ற உதவியாசிரியர்களின் தேவை குன்றியது.

மதராஸ் முறையின் கூறுகள்

பெல்லின் முறையில் வாசிப்புப் பயிற்சி பின்வருமாறு அமைந்தது. விளிம்பு கட்டிய பலகையில் உலர்ந்த மணல் மெல்லிதாகப் பரப்பப்படும். மாணவ ஆசிரியன் ஓர் எழுத்தை விரலால் வரைந்து காட்டுவான். பிள்ளை அதன்மேல் விரலோட்டி, பின் தானே வரைந்து, அதன் பெயரைச் சொல்லும். மணலை நிரவிவிட்டு நினைவிலிருந்து மீண்டும் வரையும். எழுத்தைக் காண்டலும் ஒலித்தலும் வரைதலும் ஒரே செயலாயின. எழுதக் கற்பது வாசிக்கக் கற்றபின் வர வேண்டிய தனிப்பாடம் என்றிருந்த அக்கால ஆங்கிலப் பள்ளி மரபுக்கு இது நேர்மாறானது.

அடுத்தது அசை. அக்காலப் பள்ளிகளில் ஒரு நீண்ட சொல்லை வாசிக்கும் பிள்ளை, ஒவ்வோர் அசையையும் எழுத்துக்கூட்டிச் சொன்னபின், முன் சொன்ன அசைகள் அனைத்தையும் முதலிலிருந்து திரும்பச் சொல்லிக் கோக்க வேண்டும். நான்கு அசைச் சொல்லொன்றை முடிப்பதற்குள் பிள்ளைக்குச் சொல்லும் பொருளும் மறந்துபோகும். பெல் இத்திரும்பச் சொல்லலை நீக்கினார். ஒவ்வோர் அசையையும் ஒருமுறை கூட்டி, மேலே செல்லுமாறு செய்தார். பாடங்கள் மிகச் சிறியவையாகப் பகுக்கப்பட்டன. ஒரு பாடத்தில் முழுத்தேர்ச்சி பெறாமல் அடுத்ததற்குச் செல்லுதல் கூடாது.

மூன்றாவது வகுப்பமைப்பு. வகுப்பில் பிள்ளைகள் இருவர் இருவராக இணைக்கப்பட்டனர். தேர்ந்தவன் தேராதவனுக்குத் துணை. இவ்விணைகளுக்கு மேல் துணையாசிரியனும் அவனுக்கு மேல் ஆசிரியனும் இருந்தனர், அனைவரும் சிறுவர்களே. பாடத்தில் முந்துபவன் வகுப்பில் இடம் முன்னேறுவான். தொடர்ந்து முந்துபவன் மேல்வகுப்புக்கு மாறுவான். அன்றன்று கற்ற பாட அளவு பதிவேட்டில் குறிக்கப்பட்டது. குற்றங்கள் தனியேட்டில் எழுதப்பட்டு, வாரம் ஒருமுறை சிறுவர்களைக் கொண்ட நடுவர் குழுவின் முன் விசாரிக்கப்பட்டன. பிரம்பின் ஆட்சி பெரிதும் குறைந்தது.

திண்ணைப்பள்ளியும் பெல்லும்

இவற்றுள் எவை தமிழ்ப் பள்ளியிலிருந்து பெறப்பட்டவை? மணலில் எழுதுதல் தாம் கண்டு பெற்றது என்பதைப் பெல் வெளிப்படையாகவே எழுதினார். ஆனால் மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பித்தல் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதில் இறுதிவரை உறுதியாக இருந்தார்.

திண்ணைப்பள்ளி மரபை அறிந்தவர்க்கு இவ்விடத்தில் சட்டாம்பிள்ளை நினைவுக்கு வருவது இயல்பு. உபாத்தியாயர் இல்லாத வேளையில் பள்ளியை நடத்துவதும், இளம்பிள்ளைகளுக்கு முறைசொல்லிக் கொடுப்பதும், அவர்கள் ஒப்பிப்பதைக் கேட்பதும் அவன் பொறுப்பு. உ.வே.சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் தரும் திண்ணைப்பள்ளிச் சித்திரம் பெல்லின் காலத்துக்கு அரைநூற்றாண்டுக்கும் மேற்பட்டுப் பிந்தியது. எனினும் நெடுங்கால மரபொன்றின் தொடர்ச்சியாகவே அது தோன்றுகிறது. 1623இல் கன்னட நாட்டில் கோயில் முகப்பொன்றில் நான்கு சிறுவர்கள் ஆசிரியரின்றி மணலில் எழுதியும் பாடியும் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டதை இத்தாலியப் பயணி பியட்ரோ டெல்லா வால்லே பதிவு செய்திருக்கிறார். தென்னிந்தியப் பள்ளிகளில் உடன்பயில்வோர் கற்பிக்கும் வழக்கம் பெல்லுக்கு முன்பே இருந்தது என்பதற்கு இது போதிய சான்று.

கம்பெனியின் இயக்குநர்களும் இதனை ஏற்றனர். 1814ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் வங்காளத்துக்கு அனுப்பிய கல்வி மடலில், இந்தியாவில் தொன்றுதொட்டு வழங்கும் பயிற்றுமுறையே முன்னாள் சென்னைக் குருவான பெல்லின் வழியே இங்கிலாந்தில் மேற்கொள்ளப்பட்டது என்றும், அதுவே அம்முறைக்குக் கிடைத்த உயர்ந்த மதிப்பு என்றும் அவர்கள் கருத்துத் தெரிவித்தனர். பிற்காலத்தில் தரம்பால் இம்மடலையும் மன்றோ காலத்துக் கணக்கெடுப்புகளையும் தொகுத்து இவ்விவாதத்தை மீண்டும் எழுப்பினார்.

எனினும் கடனை ஒப்புக்கொள்வதோடு வேறுபாட்டையும் காண வேண்டும். சட்டாம்பிள்ளை உபாத்தியாயருக்குத் துணை. அவருக்கு மாற்று அல்லன். திண்ணைப்பள்ளியின் நடுவில் உபாத்தியாயர் இருந்தார். அவர் ஊராரின் ஆதரவில் வாழ்ந்தவர். ஊரின் கணக்கும் கடிதமும் ஓலையும் அறிந்தவர். ஒவ்வொரு பிள்ளையின் வேகத்துக்கும் ஏற்ப ஏடு தொடங்கி வைத்தவர். பெல்லின் அமைப்பிலோ பெரியவர் கண்காணிப்பாளராக ஒதுங்கினார். பள்ளி தானே தனக்குக் கற்பித்துக்கொள்ளும் என்பதே அவருடைய நூல் தலைப்பிலும் இடம்பெற்ற கருத்து. திண்ணைப்பள்ளியிலிருந்து மணலையும் (அறிந்தோ அறியாமலோ) சட்டாம்பிள்ளையையும் எடுத்துக்கொண்ட அவர், உபாத்தியாயரை விட்டுவிட்டார்.

மற்றொரு வேறுபாடு மொழியமைப்பைச் சார்ந்தது. தமிழ் நெடுங்கணக்கில் உயிர்மெய் வரிசை முழுவதும் அசைகளாகவே எழுதப்படுகிறது. பள்ளிப்பிள்ளை ‘ஆனா ஆவன்னா’ என்று பெயர் சொல்லிப் பழகினாலும் எழுத்தின் பெயர் அதன் ஒலியை விட்டு வெகுதொலைவு செல்வதில்லை. எழுத்தை வரைந்தபடி ஒலித்தால் வாசிப்பின் பாதி வந்துவிடும். ஆங்கிலத்தில் எச், டபிள்யூ போன்ற எழுத்துப் பெயர்கள் தம் ஒலியோடு ஒட்டாதவை; உயிரெழுத்துகளோ ஒவ்வொன்றும் பல ஒலி பெறுபவை. மணலில் எழுத்துப் பழகிய ஆங்கிலப் பிள்ளைக்கு வாசிப்பு உடனே வாய்க்காது. பெல் அசைப் பயிற்சிக்குத் தந்த முதன்மையை இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியாகக் கொள்ளலாம். ஒரு மொழிக்கு இயல்பான பயிற்றுமுறை வேறொரு மொழிக்குச் செல்லும்போது எதனை இழக்கும், எதனை ஈடுகட்ட வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இங்கிலாந்தில் பரவல்

உடல்நலக் குறைவால் 1796இல் பெல் சென்னையை விட்டு நீங்கினார். மறு ஆண்டே தம் எழும்பூர்ச் சோதனையை விளக்கும் சிறுநூலை இலண்டனில் வெளியிட்டார். 1798இல் இலண்டன் ஆல்ட்கேட் பகுதியிலுள்ள செயின்ட் போடால்ஃப் அறப்பள்ளி அம்முறையை மேற்கொண்டது. 1799இல் வட இங்கிலாந்தின் கெண்டல் நகரப் பள்ளிகள் பின்பற்றின. 1801இல் பெல் தென்கடற்கரை ஊரான சுவானேஜில் பங்குக் குருவானார். அங்கும் பள்ளிகளில் தம் முறையைப் புகுத்தினார்.

இதே காலத்தில் இலண்டன் பரோ சாலையில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் குவேக்கர் இளைஞர் ஏழைப்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திவந்தார். சம்பளத்துக்கு ஆசிரியர் வைக்க வழியின்றி மாணவர்களைக் கொண்டே கற்பித்தார். 1803இல் தம் முறையை விளக்கி நூலெழுதியபோது பெல்லின் நூலிலிருந்து பெற்ற குறிப்புகளை நன்றியுடன் குறிப்பிட்டார். மணலில் எழுதுதலும் அவற்றுள் ஒன்று. 1804இல் சுவானேஜுக்கே சென்று பெல்லைக் கண்டார். இருவரும் நட்புடன் பிரிந்தனர். ஆனால் சாரா டிரிம்மர் முதலிய திருச்சபைச் சார்பாளர்கள், திருச்சபை சாராத ஒருவரின் கையில் ஏழைகளின் கல்வி செல்வதைக் கண்டு அஞ்சினர். 1805 முதல் ‘முதலில் கண்டவர் யார்’ என்னும் பூசல் வளர்ந்தது. கோலரிட்ஜ், சவுதி போன்ற கவிஞர்களும் பெல்லின் பக்கம் நின்று எழுதினர், பேசினர். சென்னைத் தெருவோரப் பள்ளிப் பிள்ளைகளின் பெயர் இப்பூசலில் எவர் நாவிலும் எழவில்லை.

1808இல் பெல் தம் நூலை விரித்து ‘மதராஸ் பள்ளி’ என்னும் பெயரோடு வெளியிட்டார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சார்பில் ஏழைகளின் கல்விக்கான தேசியக் கழகம் நிறுவப்பட்டது. மதராஸ் முறையே அதன் பள்ளிகளின் முறையாயிற்று.

உடனாசிரியர்களுக்குப் பயிற்சி

தேசியக் கழகம் இலண்டன் பால்ட்வின்ஸ் கார்டன்ஸ் என்னுமிடத்தில் மையப்பள்ளி ஒன்றை நடத்தியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கு வந்து சில வாரங்கள் தங்கி முறையைப் பழகினர். சொற்பொழிவால் எவரும் ஆசிரியராவதில்லை. நடக்கும் வகுப்பில் இருந்து, கண்டு, செய்து பழகுவதாலேயே ஆக முடியும் என்பது பெல்லின் உறுதியான கொள்கை. எழும்பூரில் ஃப்ரிஸ்கெனுக்குச் செய்து காட்டியதன் விரிவே இது. ஐரோப்பியக் கல்வி வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஆசிரியப் பணிக்குப் பயிற்சி வேண்டும் என்னும் எண்ணமே பரவாத காலத்தில், பயிற்சியை வகுப்பறைக்குள்ளேயே வைத்தவர் அவர்.

எனினும் அப்பயிற்சியின் மறுபக்கத்தையும் கூற வேண்டும். வருவோர் கற்க வேண்டியது முறையை மட்டுமே. பாடப்பொருளில் அறிவை விரிக்கவோ, முறையின் காரணத்தை வினவவோ, தம் ஊர்ப்பிள்ளைகளின் நிலைக்கேற்ப மாற்றவோ அங்கு இடமில்லை. மாற்றம் என்பது பெல்லின் பார்வையில் பிழை. ஆண்டுதோறும் அவர் ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். முறை பிறழ்ந்த இடங்களில் ஆசிரியர்களைக் கடிந்துகொண்டார். பிள்ளைகளிடம் கனிவும் அவர்களின் ஆற்றலில் வரம்பற்ற நம்பிக்கையும் கொண்டிருந்த அவர், வளர்ந்த ஆசிரியர்களிடம் அந்நம்பிக்கையை வைத்ததில்லை. எழும்பூரில் இயலாது என்று மறுத்த உதவியாசிரியரின் நிழலை அவர் சந்தித்த ஒவ்வோர் ஆசிரியரிடத்தும் கண்டார் போலும்.

1816இல் அவர் சுவிட்சர்லாந்து சென்று இவெர்டானில் பெஸ்டலோசியின் பள்ளியைப் பார்வையிட்டார். பிள்ளையின் புலனறிவிலிருந்து சிந்தனையை வளர்க்கும் பெஸ்டலோசியின் முறை அவரை ஈர்க்கவில்லை. அம்முறை விரைவில் மறக்கப்படும் என்றும், தம் முறையே உலகெங்கும் நிலைக்கும் என்றும் கருதித் திரும்பினார். காலம் தந்த தீர்ப்பு இதற்கு நேர்மாறாக அமைந்தது.

இறுதிக்காலமும் முறையின் தேய்வும்

பெல்லுக்குத் திருச்சபையில் உயர்பதவிகள் கிடைத்தன. 1819இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் மதிப்புறு குருமாருள் ஒருவரானார். இல்லறம் இனிக்கவில்லை, 1800இல் மணந்த துணைவியாரைச் சில ஆண்டுகளிலேயே பிரிந்தார். சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த செல்வத்தில் 1,20,000 பவுண்டைக் கல்விப் பணிக்கென ஒதுக்கினார். 1832ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் செல்ட்டன்ஹாமில் மறைந்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அப்போது அவர் முறையைப் பின்பற்றிய பள்ளிகள் ஏறத்தாழ 12,000 எனக் கணக்கிடப்பட்டன.

அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 1826இல், சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ தம் மாகாணத்தில் கணக்கெடுத்த பள்ளிகள் 12,498, பயின்றோர் 1,88,650. எண்களின் இவ்வொப்புமை தற்செயலானது. ஆனால் ஒரு செய்தியை அது நினைவூட்டுகிறது. ஒரு திண்ணைப்பள்ளியைக் கண்டு தோன்றிய முறை கடல்கடந்து ஆயிரக்கணக்கான பள்ளிகளாகப் பெருகிய அதே காலத்தில், அத்திண்ணைப்பள்ளிகள் ஆதரவு குன்றித் தேயத் தொடங்கியிருந்தன. அவற்றின் நிலையையும், ஆசிரியரின் வருவாய்க் குறைவையும் மன்றோவே சுட்டிக்காட்டினார்.

இங்கிலாந்திலும் மதராஸ் முறை நெடுநாள் நிலைக்கவில்லை. 1840களில் பள்ளி ஆய்வாளர்களின் அறிக்கைகள் பொருளறியாமல் சொற்களை ஒலிக்கும் பிள்ளைகளையும், தாமே தெளிவாக அறியாததைப் பிறர்க்குக் கற்பிக்கும் சிறு சட்டாம்பிள்ளைகளையும் காட்டின. 1846இல் கே ஷட்டில்வொர்த் மாணவ ஆசிரியத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பதின்மூன்று வயது முதல் ஐந்தாண்டு, தேர்ந்த ஆசிரியர் ஒருவரின்கீழ் பயிலும் ஏற்பாடு அது. பெல் விட்டுவிட்ட ஆசிரியர் மீண்டும் பள்ளியின் நடுவுக்கு வந்தார்.

பெல்லின் கொடையால் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளி 1833இல் திறக்கப்பட்டு ‘மதராஸ் கல்லூரி’ என்னும் பெயரோடு இன்றும் இயங்குகிறது. 1876இல் அவர் நிதியிலிருந்து எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களில் கல்வியியலுக்குப் பேராசிரியர் இருக்கைகள் நிறுவப்பட்டன. ஆசிரியர் முறையை மட்டும் அறிந்தால் போதும் என்று கருதியவரின் பொருளே, ஆசிரியர் முறையின் காரணத்தையும் ஆராய்ந்தறிய வேண்டும் என்னும் கொள்கைக்கு அடித்தளமிட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, மதராஸ் முறையின் மணல் எழுத்துக் கூறு தமிழ்த் திண்ணைப்பள்ளியிலிருந்து பெறப்பட்டது என்பது பெல்லின் ஒப்புதலாலேயே உறுதிப்படுகிறது. உடன்பயில்வோர் கற்பித்தல் தென்னிந்தியாவில் முன்னரே வழங்கியது என்பதற்குச் சான்றுண்டு. ஆயினும் அதனை அடுக்கடுக்கான வகுப்பமைப்பாக வகுத்தது பெல்லின் பங்கு என்பதை மறுப்பதற்கில்லை.

இரண்டாவதாக, எழுதுதலையும் ஒலித்தலையும் ஒருங்கிணைத்தல், அசை வழி வாசித்தல், சிறுபாடங்களில் முழுத்தேர்ச்சி ஆகிய மூன்றும் இன்றைய வாசிப்புக் கல்வியும் போற்றும் கூறுகள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலின் படிநிலை அட்டைகளிலும், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் துணையாகும் ஏற்பாட்டிலும் இவற்றின் சாயலைக் காணலாம்.

மூன்றாவதாக, பெல்லின் முறை பரவியதும் தேய்ந்ததும் ஒரே காரணத்தால் எனலாம். ஆசிரியரை நம்பாமலேயே நடக்கக்கூடியதாக அது அமைந்தது. அதனால் ஆசிரியர் குறைந்த நாட்டில் விரைந்து பரவியது. பிள்ளைகள் எழுத்தைக் கடந்து பொருளை நாடியபோது, விளக்கிச் சொல்ல ஆசிரியர் அங்கில்லை.

இயலாது என்ற உதவியாசிரியரை விலக்கிவிட்டுச் சிறுவனிடம் சென்றது பெல்லுக்கு உடனடி வெற்றியைத் தந்தது. அம்மறுப்பின் காரணத்தைக் கேட்டறிந்து, மணலை அவர் முன்னும் பரப்பி, ஓரெழுத்தை அவரும் வரையுமாறு செய்திருந்தால் முறையின் வரலாறு வேறாக அமைந்திருக்கக்கூடும். புதிய பயிற்றுமுறையை ஆசிரியரிடம் கொண்டு செல்வோர், திண்ணைப்பள்ளியில் பெல் காணாமல் விட்ட உபாத்தியாயரை முதலில் காண வேண்டும் என்பதே இவ்வாழ்க்கை வரலாறு உணர்த்தும் கருத்தாகும்.